அக்காள் கையும் ஆர்கானிக் முத்திரையும்

(திருவதிகையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச வந்திருப்பது ஆர்கானிக் உணவுப் பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பற்றி. தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், "திருவதிகைக்குப் போய்த் தேவாரம் பேசாமல் லேபிளா பேசப் போகிறாய்?" என்று சிரித்தார். "ஐயா, லேபிளைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் ஊர்க் கதைதான், அப்பர் பெருமான் கதை. திருவாமூரில் பிறந்த பிள்ளை, பெயர் மருள்நீக்கியார். நம் பக்கத்துப் பாடலிபுத்திரம் போய்ச் சமண நெறியில் சேர்ந்தபோது பெயர் தருமசேனர் ஆயிற்று. வயிற்றிலே சூலை நோய் வந்தது. அங்கே செய்த வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. இரவோடு இரவாக எங்கே வந்தார்? இந்தத் திருவதிகைக்கு வந்தார். யாரிடம் வந்தார்? கோயிலில் தொண்டு செய்துகொண்டிருந்த அக்காள் திலகவதியாரிடம் வந்தார். அக்காள் திருநீறு கொடுத்தார். தம்பி இரு கையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

அந்தத் திருநீற்றின் மேல் ஏதாவது எழுதியிருந்ததா? எங்கே தயாரானது என்று கேட்டாரா? சான்றிதழ் உண்டா என்று கேட்டாரா? கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஏனென்றால் கொடுத்த கை யாருடைய கை என்று அவருக்குத் தெரியும். கை தெரிந்துவிட்டால் சீட்டு எதற்கு?

இன்று நான் சொல்லப்போவது முழுவதும் இதற்குள்ளேயே இருக்கிறது. முகம் தெரிகிற இடத்தில் முத்திரை வேண்டியதில்லை. முகம் மறைகிற இடத்தில் முத்திரை இல்லாமல் முடியாது. அந்த முத்திரை வெறும் அலங்காரமாக இருந்தால் அதைக் கிழித்துப் போடலாம். மறைந்துபோன அந்த முகத்தை நமக்குக் காட்டிக் கொடுத்தால்தான் அதற்கு மதிப்பு.

நம் பண்ருட்டிப் பலாவை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டிக்கு வருகிற வியாபாரி என்ன செய்கிறார்? தட்டிப் பார்க்கிறார். சத்தத்தைக் கேட்கிறார். முள் விரிந்திருக்கிறதா என்று பார்க்கிறார். மோந்து பார்க்கிறார். பலாப்பழத்துக்கு லேபிள் அதன் வாசனைதான். பழுத்ததா, காயா, சுளை பருத்ததா, சவலையா, எல்லாம் விரலும் மூக்கும் சொல்லிவிடும்.

ஆனால் ஒன்றை மட்டும் அவை சொல்லாது. அந்த மரத்துக்கு மருந்து அடித்தார்களா? தட்டினால் தெரியுமா? மோந்தால் தெரியுமா? தின்றாலும் தெரியாது. ஆர்கானிக் என்ற குணத்தின் சங்கடமே இதுதான். வாங்குவதற்கு முன்பும் கண்டுபிடிக்க முடியாது, தின்று முடித்த பிறகும் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து புலனும் கைவிட்ட இடம் அது. அங்கே நமக்குத் துணை, இன்னொருவர் சொல்லும் சாட்சி மட்டும்தான். அந்தச் சாட்சியம்தான் லேபிள்.

சாட்சி சொல்ல வருகிறவர் கூண்டில் ஏற வேண்டாமா? பெயர், ஊர் சொல்ல வேண்டாமா? குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாமா? பெயரில்லாத சாட்சியை எந்த நீதிமன்றமாவது ஏற்குமா? அப்படியானால் நம் சமையலறை மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

இந்தத் திருவதிகை சிவபெருமான் முப்புரம் எரித்த ஊர். அட்ட வீரட்டத்தில் ஒன்று. எரித்தது எப்படி? அம்பு எய்வதற்கு முன்பே சிரித்து எரித்தார் என்பது புராணம். நாமும் இன்று மூன்று கோட்டைகளைச் சிரித்துக்கொண்டே எரிக்கலாம். மூன்றும் லேபிளைப் பற்றி நம் தலைக்குள் இருக்கிற கோட்டைகள்.

முதல் கோட்டை, பச்சைப் புள்ளி. பொட்டலத்தின் மேல் பச்சைச் சதுரத்துக்குள் ஒரு பச்சை வட்டம் இருக்கும். "பாருங்கள், பச்சை போட்டிருக்கிறது, ஆர்கானிக்" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். தாய்மார்களே, அது சைவ உணவு என்பதற்கான அடையாளம். பிஸ்கட்டில் இருக்கும், சிப்ஸில் இருக்கும், நூடுல்ஸில் இருக்கும். பூச்சிமருந்தில் குளித்து வந்த கத்தரிக்காயும் சைவம்தானே? பச்சைப் புள்ளி ஆடு கோழியைப் பற்றிப் பேசும். வயலைப் பற்றி வாய் திறக்காது.

இரண்டாவது கோட்டை, 'இயற்கை' என்ற சொல். '100 சதவீதம் இயற்கை', 'நேச்சுரல்', 'சுத்தமானது', 'கெமிக்கல் இல்லாதது'. எவ்வளவு இனிமையான சொற்கள்! விளம்பரங்களுக்கும் உரிமைக் கோரல்களுக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தனி விதிகள் கொண்டுவந்தது. 'நேச்சுரல்' என்ற சொல்லை எப்போது போடலாம் என்று அதில் இருக்கிறது. இயற்கையான மூலத்திலிருந்து வந்த உணவாக இருக்க வேண்டும், அதில் வேறு எதையும் சேர்த்திருக்கக் கூடாது. சரிதான். ஆனால் அது ஆலைக்குள் நடப்பதைப் பற்றிய பேச்சு. வயலில் யூரியா போட்டார்களா, களைக்கொல்லி தெளித்தார்களா என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் பதில் இல்லை.

மூன்றாவது கோட்டை நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. 'நாட்டு', 'மரபு', 'பாரம்பரிய' என்ற சொற்கள். மாப்பிள்ளைச் சம்பா என்றால் ஆர்கானிக், கருப்புக் கவுனி என்றால் ஆர்கானிக், மரச்செக்கு எண்ணெய் என்றால் ஆர்கானிக் என்று நினைத்துக்கொள்கிறோம். 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிப் பிடித்து மீட்ட நெல் ஜெயராமனை நாம் மறக்க முடியாது. ஆனால் ரகம் வேறு, சாகுபடி முறை வேறு. கருப்புக் கவுனிக்கும் பூச்சிமருந்து அடிக்க முடியும். செக்கு மரத்தாலானது என்பதால் அதில் போட்ட கடலை மருந்து காணாதது என்று ஆகிவிடுமா?

ஊர்ப் பெயரும் அப்படித்தான். பண்ருட்டியில் உடைத்த முந்திரி எல்லாம் பண்ருட்டி மரத்தில் காய்த்தது என்று வெளியூர்க்காரர் நம்பலாம். நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொட்டை வருவது உங்களுக்குத் தெரியும். ஊர்ப் பெயர் ஒரு சேதி, ரகத்தின் பெயர் ஒரு சேதி, விளைவித்த முறை வேறொரு சேதி. ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்றால் அது வியாபாரம் ஆகாது.

மூன்று கோட்டையும் எரிந்தது. சாம்பலுக்கு அப்பால் என்ன இருக்கிறது? சட்டம் இருக்கிறது.

நம் நாட்டில் அங்கக உற்பத்திக்கான, அதாவது ஆர்கானிக் விளைச்சலுக்கான, தேசியத் திட்டம் 2001-இல் வந்தது. மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ள 'அபெடா' என்ற ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் அதை நடத்துகிறது. ஏன் வணிக அமைச்சகம்? முதலில் கேள்வி கேட்டவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் என்பதால்! ஜெர்மனிக்காரர் கேட்டார், சான்று கொடுத்தோம். நம் ஊர் அம்மா கேட்கவில்லை, அதனால் நம் ஊர்க் கடையில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொண்டார்கள். அந்த நிலைக்கு முடிவு கட்ட வந்தவைதான் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு அங்கக உணவு விதிகள். 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிகள் சொல்வதை நம் பேச்சில் சொல்கிறேன். ஆர்கானிக் என்று பெயர் சொல்லி விற்க வேண்டுமானால் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் வந்து பார்த்துக் கொடுக்கும் சான்று. தமிழ்நாட்டில் அரசே இதற்குக் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு துறை வைத்திருக்கிறது. அங்ககச் சான்றளிப்புத் துறை என்று நம் உழவர்களுக்குத் தெரியும். இரண்டாவது வாசல், 'பி.ஜி.எஸ்.' என்கிற பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர வேண்டும். ஒருவர் நிலத்தை மற்றவர்கள் நடந்து பார்த்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்க வேண்டும்.

இந்த இரண்டாவது வாசலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரர் கண்ணுக்குத் தப்பி யாராவது மருந்து அடிக்க முடியுமா? விடியற்காலை நான்கு மணிக்கு அடித்தாலும் வாசனை வரப்பைத் தாண்டி வந்துவிடும்! ஊர்க் கண்ணுக்கு மேல் ஒரு ஆய்வாளர் உண்டா? கூட்டுப் பொறுப்பு என்ற நம் பழைய பழக்கத்துக்குச் சட்டம் கொடுத்த மரியாதை இது.

சரி, கடையில் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தால் எதைப் பார்ப்பது? என் கையில் இருக்கும் இந்தத் தினை அரிசிப் பொட்டலத்தைப் பாருங்கள். முன்பக்கத்து மயில் படத்தை விட்டுவிடுங்கள். பின்பக்கம் திருப்புங்கள். பொடி எழுத்துதான் உண்மை பேசும் எழுத்து. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கிறதா? அதோடு 'இந்தியா ஆர்கானிக்' முத்திரையோ பி.ஜி.எஸ். முத்திரையோ இருக்கிறதா? உணவு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா? சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா? தயாரித்தவரின் முகவரி இருக்கிறதா? கடைசியாக, எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் லாட் எண் இருக்கிறதா?

பி.ஜி.எஸ். முத்திரை என்றால் இன்னும் ஒரு நொடி பாருங்கள். 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்' என்றால் முழுமையாக மாறிய நிலத்தில் விளைந்தது. 'பி.ஜி.எஸ். கிரீன்' என்றால் மாறிக்கொண்டிருக்கும் நிலத்தில் விளைந்தது. இரண்டும் நேர்மையான முத்திரைகள்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

அது என்ன, மாறிக்கொண்டிருக்கும் நிலம்? நேற்று வரை உப்பு உரம் போட்டுவிட்டு இன்று காலை நிறுத்தினால், நாளைக்கு ஆர்கானிக் என்று எழுத முடியாது. நெல், கடலை, எள் போன்ற ஓராண்டுப் பயிருக்கு விதைப்பதற்கு முன் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். பலா, முந்திரி போன்ற நெடுநாள் மரங்களுக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். தேசியத் திட்டத்தின் பொது விதி இது. மண்ணுக்கும் பத்தியம் உண்டு, ஐயா!

இந்த மூன்று ஆண்டு என்றால் என்னவென்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? 2011 டிசம்பர் 30 அதிகாலையை நினைத்துப் பாருங்கள். தானே புயல் கரை கடந்து, தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவையும் முந்திரியையும் ஒரே நாளில் வேரோடு சாய்த்ததே! மறுபடியும் கன்று வைத்து, நிழலுக்கும் காய்ப்புக்கும் எத்தனை ஆண்டு காத்திருந்தீர்கள்? மரத்தோடு காத்திருக்கத் தெரிந்த மக்கள் நீங்கள். அந்தக் காத்திருப்புக்கு விலை கிடைக்க வேண்டும் என்றால், காத்திருக்காதவன் அதே சொல்லை எழுதிக்கொள்ள விடக் கூடாது. சட்டம் காப்பது வாங்குகிறவரை மட்டும்தானா? காத்திருந்த உழவரையும் சேர்த்தே காக்கிறது.

அடுத்தது கணக்கு. பயப்படாதீர்கள், வாய்க்கணக்குதான். ஒரே பொருள் உள்ள பொட்டலம், உதாரணமாகத் தினை, விதிப்படி விளைந்திருந்தால் 'ஆர்கானிக்'. பல பொருள் சேர்ந்த பண்டம் என்றால் என்ன செய்வது? நம் பலாக்காய் சிப்ஸ் இருக்கிறது. பலாக்காய், எண்ணெய், உப்பு. பலாக்காய் சான்று பெற்ற தோப்பிலிருந்து வந்தது. எண்ணெய் சாதாரணக் கடை எண்ணெய். ஒரு பேச்சுக்குப் பலாக்காய் 72 பங்கு, எண்ணெய் 28 பங்கு என்று வைத்துக்கொள்வோம். உப்பையும் தண்ணீரையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதி சொல்கிறது. இதை 'ஆர்கானிக் சிப்ஸ்' என்று விற்கலாமா?

கூடாது. 95 சதவீதமாவது சான்று பெற்ற பொருளாக இருந்தால்தான் பண்டத்துக்கே அந்தப் பெயர். 70-க்கும் 95-க்கும் நடுவில் இருந்தால் 'ஆர்கானிக் பொருள்கள் கொண்டு செய்தது' என்று, எவ்வளவு என்பதையும் சொல்லி எழுதலாம். நம் சிப்ஸ் இந்த இடத்தில்தான் நிற்கிறது. 70-க்கும் கீழே போனால்? பின்பக்கத்துப் பொருள் பட்டியலில் அந்த ஒரு பொருளுக்கு நேரே மட்டும் சொல்லிக்கொள்ளலாம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடக் கூடாது. கலியாணத்துக்கு வந்த பத்துப் பேரில் ஒருவர் பட்டுச்சேலை கட்டியிருந்தால், எல்லாரும் பட்டு என்று சொல்லலாமா?

இங்கே ஒரு உழவர் எழுந்து கேட்கலாம்: "ஐயா, ஒரு ஏக்கரில் கீரை போட்டு நானே சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறேன். நானும் முத்திரை வாங்க வேண்டுமா?" நல்ல கேள்வி. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு உற்பத்தியாளர், சாப்பிடுகிறவர் கையிலேயே நேரடியாக விற்றால் சான்று கட்டாயம் இல்லை. ஜைவிக் பாரத் முத்திரையை மட்டும் அவர் போட்டுக்கொள்ளக் கூடாது. ஏன் இந்த விலக்கு? திலகவதியார் கையை நினைத்துப் பாருங்கள். முகம் எதிரே இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் நாளைக்கு அதே தெருவில் நிறுத்திக் கேட்கலாம். சட்டத்துக்கும் இது தெரிந்திருக்கிறது.

ஆனால் அதே கீரை நான்கு கை மாறி, குளிர்பெட்டியில் ஏறி, சென்னையில் ஒரு கடைத் தட்டுக்குப் போனால்? அங்கே முகம் இல்லை. அங்கே முத்திரை கட்டாயம்.

முத்திரை என்ன செய்யும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன். எள்ளைப் பற்றியது. நம் மாவட்டத்து விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் எள் ரகங்கள் வெளியிட்ட இடம், எள் நமக்கு அந்நியம் இல்லை. 2020 செப்டம்பரில், இந்தியாவிலிருந்து போன எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற வேதிப்பொருள் இருப்பதாக பெல்ஜியம் எச்சரிக்கை விடுத்தது. கிருமியைக் கொல்லப் புகையாகப் பயன்படுவது அது. ஐரோப்பாவில் உணவுக்கு அதற்குத் தடை. விசாரித்துக்கொண்டே போனார்கள். ரொட்டி, பிஸ்கட், எள் விழுது என்று பல நாடுகளில் பொருள்களைத் திரும்பப் பெற்றார்கள். அவற்றில் ஆர்கானிக் என்று எழுதியவையும் இருந்தன.

இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, முத்திரையே பொய்" என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாதீர்கள். எந்த ரொட்டியைத் திரும்பப் பெறுவது என்று எப்படித் தெரிந்தது? லாட் எண்ணைப் பிடித்துக்கொண்டு, ரொட்டியிலிருந்து மூட்டைக்கு, மூட்டையிலிருந்து கிடங்குக்கு என்று பின்னோக்கி நடந்தார்கள். முத்திரை பாவமே நடக்காது என்று சத்தியம் செய்யவில்லை. பாவம் நடந்தால் அது நடந்த வாசல்வரை நம்மைக் கூட்டிப்போகும் தடம் அது. தடம் இல்லாத பொட்டலத்தில் தவறு நடந்தால் யாரைக் கேட்பீர்கள்? மயில் படத்தையா?

ஆனாலும் அந்த நம்பிக்கை விரிசல் விட்டால் ஒட்டுவது சுலபமில்லை. நம் அபெடாவின் மேற்பார்வைக்குத் தான் கொடுத்திருந்த ஏற்பை அமெரிக்க வேளாண் துறை 2021 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் அந்த நாட்டு விதிப்படி நேராகச் சான்று வாங்க வேண்டியதாயிற்று. எங்கோ சிலர் செய்யும் தவறுக்கு, ஒழுங்காக விளைவித்தவரும் சேர்ந்தே தண்டம் கட்டுகிறார்.

இனி முத்திரை சொல்லாதவற்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்கானிக் முத்திரை, சுவை அதிகம் என்று சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று சொல்லவில்லை. ஆர்கானிக் சர்க்கரையும் சர்க்கரைதான்! மருந்து ஒரு துளிகூட இருக்காது என்றும் அது சொல்லவில்லை. சாதாரண உணவில் பூச்சிமருந்து எச்சத்துக்கு 100 பங்கு அனுமதி என்றால் ஆர்கானிக்கில் 5 பங்கு, அல்லது கருவி அளந்து சொல்லக்கூடிய குறைந்த அளவு, இவற்றில் எது கூடுதலோ அது. ஏன் சுழியம் இல்லை? காற்று வரப்பைப் பார்த்து நிற்குமா? கெடில ஆற்றுத் தண்ணீர் பட்டா பார்த்துப் பாயுமா? முத்திரை சொல்வது முறையைப் பற்றி. இப்படி விளைவித்தேன், இன்னார் பார்த்தார் என்பது மட்டும்தான் அதன் வாக்கு.

எனக்கு இதில் ஒரு மனக்குறையும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். மருந்து அடிக்கிறவர் எந்தச் சீட்டும் ஒட்ட வேண்டியதில்லை. என்ன அடித்தேன், எத்தனை முறை அடித்தேன் என்று பொட்டலத்தில் எழுத வேண்டியதில்லை. அடிக்காதவர்தான் பதிவேடு எழுத வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், வரப்போரம் இடைவெளி விட வேண்டும், ஆய்வாளருக்குக் காத்திருக்க வேண்டும். குற்றமற்றவர் தன்னை நிரூபிக்க வேண்டும். மற்றவருக்கு நிரூபிக்க ஒன்றுமே இல்லை. இது நியாயமா? அதனால்தான் சொல்கிறேன், சான்றுக்கான செலவை அரசும் வாங்குகிற நாமும் சேர்ந்து சுமக்க வேண்டும். நாம் சுமப்பது எப்படி? பொய்ச் சொல்லுக்குக் கூடுதல் காசு கொடுக்காமல் இருப்பதால். மெய்ச் சான்றுக்குப் பேரம் பேசாமல் இருப்பதால்.

பொய்யாக எழுதினால் தண்டனை உண்டா? உண்டு. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான லேபிளோடு விற்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை. மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். ஆனால் யாரும் புகார் கொடுக்காத ஊரில் சட்டம் அலமாரியில் தூங்கும்.

உணவின் மேல் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லிவிட்டு, இந்த மண்ணில் எழுதிய ஒரு நூலைச் சொல்லாமல் போனால் குறையாகிவிடும். மெய்கண்டாரின் மாணவர் திருவதிகை மனவாசகங்கடந்தார் இவ்வூர்க்காரர். அவர் எழுதிய சைவ சித்தாந்த நூலின் பெயர் என்ன? உண்மை விளக்கம். எவ்வளவு பொருத்தமான பெயர்! அந்த நூல் எப்படி நடக்கிறது? மாணவர் கேட்கிறார், ஆசிரியர் விடை சொல்கிறார். அது என்ன, இது என்ன என்று கேட்டுக் கேட்டே உண்மைக்குப் போகிறார்கள். குருவிடமே கேள்வி கேட்ட ஊர் இது. மளிகைக் கடையில் கேட்கத் தயங்கலாமா?

மனமார ஒன்று வேண்டிக்கொள்கிறேன். நாளைக் காலை உங்கள் வீட்டு அலமாரியில் 'ஆர்கானிக்' என்று எழுதிய ஒரே ஒரு பொட்டலத்தை எடுங்கள். பின்பக்கம் திருப்புங்கள். கொடுத்த கை யாருடையது என்று தேடுங்கள். கை தெரிந்தால் மகிழ்ச்சியோடு சமைத்துச் சாப்பிடுங்கள். தெரியவில்லை என்றால் அந்தப் பொட்டலத்தோடு கடைக்குப் போய், "அண்ணே, இது எந்த நிலத்தில் விளைந்தது?" என்று கேளுங்கள். முதல் நாள் அவர் சிரிப்பார். இரண்டாம் நாள் இன்னொருவர் வந்து கேட்டால் யோசிப்பார். பத்தாம் நாளும் கேட்டால், சரக்குப் போடுகிறவரிடம் அவரே கேட்பார்.

அந்தக் கேள்வி அப்படியே பின்னோக்கி நடந்து, ஒருநாள் ஒரு வரப்பில் போய் நிற்கும். அங்கே ஒருவர் குனிந்து களை எடுத்துக்கொண்டிருப்பார். உழவாரம் ஏந்திய அப்பர் பெருமானின் ஊரில் களை எடுக்கும் கைக்கு நான் மரியாதை சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் கையை நம் சமையலறை அடையாளம் கண்டுகொண்டால் போதும்.